ஏரி பச்சையாவது ஏன், பழையபடி தெளிய மறுப்பது ஏன்?

மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும் ஏரிகளில் அடிக்கடி நடக்கும் கதை இது. விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திணறும். பொழுது ஏறுவதற்குள் கரையோரம் முழுக்க வெள்ளை வயிறுகள். தகவல் போய், ஆள் வந்து, பாட்டிலில் தண்ணீர் எடுக்கும்போது மணி மதியம் பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். ஆய்வக அறிக்கை லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் இருப்பதாகச் சொல்லும். 'ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது, அப்படியானால் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்' என்று பேச்சு கிளம்பும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். பல இடங்களில் விஷத்தைத் தேட வேண்டியதே இல்லை. மாதிரி எடுத்த நேரத்தைப் பார்த்தால் போதும்.

25 பாகை செல்சியஸில் நன்னீர் காற்றிலிருந்து வாங்கிக் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம். 30 பாகையில் அது 7.6 ஆகக் குறைகிறது; உறைநிலையை ஒட்டிய நீரில் 14.6 வரை போகும். ஆக, வெதுவெதுப்பான ஏரியில் 11 என்ற எண்ணே நோயின் அறிகுறி. காற்றிலிருந்து மட்டும் அவ்வளவு வந்திருக்க முடியாது. தண்ணீரில் நெருக்கியடித்து நிற்கும் பாசி பகல் வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து தள்ளிய ஆக்சிஜன் அது. சூரியன் மறைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது, பாசியின் சுவாசம் மட்டும் நிற்பதில்லை. மீனும் சேற்று நுண்ணுயிரும் கூடவே சுவாசிக்கின்றன. இரவு முழுக்கச் செலவுதான், வரவு கிடையாது. சூரிய உதயத்துக்குச் சற்று முன் கணக்கு அடிமட்டத்தைத் தொடும். 5 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே பெரும்பாலான மீன்கள் சோர்கின்றன. 2-க்குக் கீழே பல இனங்கள் பிழைப்பதில்லை.

செத்த மீன்களைப் பார்த்தே ஓரளவு தீர்மானிக்கலாம். ஆக்சிஜன் பற்றாக்குறையில் பெரிய மீன்கள் முதலில் போகும். விரால், தேளி மாதிரி மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்தவை தப்பிவிடும். விஷம் இப்படி ஆள் பார்ப்பதில்லை, நேரமும் பார்ப்பதில்லை.

பூமியின் மொத்த நீரில் நன்னீர் சுமார் 2.5 விழுக்காடு. அதிலும் பெரும்பகுதி பனியாகவும் நிலத்தடியிலும் கிடக்கிறது. ஆறு, ஏரி, குளம், சதுப்பு என்று கண்ணுக்குத் தெரிவது புவிப்பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் இதுவரை அறியப்பட்ட மீன் இனங்களில் ஏறக்குறைய பாதி அதற்குள்தான் வாழ்கின்றன. உலக இயற்கை நிதியத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, கண்காணிப்பில் உள்ள நன்னீர் முதுகெலும்பிகளின் எண்ணிக்கை 1970-லிருந்து 2020 வரை சராசரியாக 85 விழுக்காடு சரிந்ததாகக் கணக்கிட்டது. கடலிலும் நிலத்திலும் சரிவு இந்த அளவுக்கு இல்லை. அணை, மணல் அள்ளுதல், அயல் இனங்கள், அளவுக்கு மீறி நீர் எடுத்தல் என்று காரணங்கள் பல. இங்கே எடுத்துக்கொள்வது அவற்றில் ஒன்றை மட்டும்: ஊட்டச்சத்து மிகுந்து ஏரி கெடுவது. மிகப் பரவலாக நடப்பதும், 'கழிவை நிறுத்திவிட்டோம், இனி சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையில் மிக மோசமாகக் கையாளப்படுவதும் அதுதான்.

எண் பாஸ் ஆகிறது, ஏரி ஃபெயில் ஆகிறது

கழிவுநீரின் கெடுதலை அளக்க உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல் பி.ஓ.டி., அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து, இருட்டில், 20 பாகையில் ஐந்து நாள் வைத்து, நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்றன என்று பார்ப்பது. ஐந்து நாள் என்ற கணக்கு பிரிட்டனின் அரச கழிவுநீர் ஆணையம் 1912-ல் வகுத்த நெறிகளிலிருந்து வந்தது. அந்த நாட்டு ஆறுகளில் விழுந்தது ஐந்து நாளைக்குள் கடலுக்குப் போய்விடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நீர் தேங்கி நிற்கும் ஏரிக்கு அந்த ஐந்து நாள் எந்த வகையில் பொருந்தும் என்று கேட்டால் பதில் இல்லை.

ஆற்றில்கூட இந்த எண்ணை எங்கே அளக்கிறோம் என்பது முக்கியம். அமெரிக்காவின் ஓஹியோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் இருவரும் 1925-ல் காட்டியது இது: கழிவு விழும் இடத்தில் ஆக்சிஜன் உடனே விழுவதில்லை. நுண்ணுயிர்கள் தின்னத் தின்ன, தண்ணீர் ஓட ஓட, ஒன்றிரண்டு நாள் பயணத் தொலைவில்தான் அது மிகத் தாழ்ந்த புள்ளிக்கு வருகிறது. பிறகு காற்றிலிருந்து மெல்ல மீள்கிறது. குழாய்வாய்க்குப் பக்கத்தில் மாதிரி எடுத்து 'ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது' என்று எழுதுபவர், காய்ச்சல் ஏறுவதற்கு முன்னாலேயே தெர்மாமீட்டரை எடுத்துவிட்டவர்.

ஏரிக்கு வந்தால் பி.ஓ.டி. இன்னும் பெரிய பொய் சொல்கிறது. ஒரு மனிதரின் ஒருநாள் கழிவில் பி.ஓ.டி. சுமார் 60 கிராம், பாஸ்பரஸ் சுமார் ஒன்றரை கிராம். நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவை மட்கவைக்கும் வழக்கமான இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலை பி.ஓ.டி.யில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் எடுத்துவிடும். பாஸ்பரஸுக்கென்று தனி ஏற்பாடு இல்லாவிட்டால் அதில் கால் பங்கோ சற்றுக் கூடவோதான் நீங்கும். வெளியேறும் நீர் தெளிவாக இருக்கும், தரக்கட்டுப்பாட்டில் தேறிவிடும். மிச்சமுள்ள 1.1 கிராம் பாஸ்பரஸ் ஏரிக்குள் போய் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு கிராம் பாஸ்பரஸ் இருந்தால் உலர் எடையில் சுமார் 100 கிராம் பாசி வளர முடியும். அந்தப் பாசி செத்து மட்கும்போது சுமார் 140 கிராம் ஆக்சிஜனைத் தின்கிறது. 1.1 கிராமுக்கு ஏறக்குறைய 155 கிராம். ஆலை உள்ளே வாங்கிய 60 கிராம் கடனைத் தீர்த்துவிட்டு, அதைப்போல் இரண்டரை மடங்கு கடனுக்கு ஏரியின் பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது. அதே பாஸ்பரஸ் மட்கிக் கரைந்து மறுபடி பாசியாகும்; ஆகவே இது ஒரு தடவையோடு முடிகிற கடனும் இல்லை.

பாஸ்பரஸுக்கு ஏன் இவ்வளவு பிடி? மிதக்கும் பாசியின் உடலில் 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், ஒரு பாஸ்பரஸ் என்பது தோராயமான விகிதம். கார்பன் காற்றிலிருந்து வருகிறது. நைட்ரஜனையும் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு அப்படி வான்வழி கிடையாது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 226-ஆம் எண் ஏரி நடுவில் இடுங்கி, இரண்டு கிண்ணங்களைச் சேர்த்து வைத்ததுபோல் இருக்கும். 1973-ல் டேவிட் ஷிண்ட்லரின் குழு அந்த இடுப்பில் ஒரு திரையைக் கட்டியது. இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் போட்டார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சையாகிவிட்டது, மற்ற பாதி கறுத்த தெளிநீராகவே நின்றது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம், சலவைத்தூளில் பாஸ்பரஸ் சேர்மமான பாஸ்பேட்டுக்குத் தடை விதிக்கும் வாதங்களில் ஆயிரம் பக்க அறிக்கைகளைவிட அதிகம் வேலை செய்தது. நைட்ரஜனை அலட்சியம் செய்யலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நச்சுப் பாசிகளுக்குக் காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கத் தெரியாது; அவை மிகுந்த ஏரிகளில் இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டியிருக்கிறது.

சேற்றின் கையிருப்பு

ஆழமான ஏரியில் வெயில் காலத்தில் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே சூடான, லேசான நீர்; கீழே குளிர்ந்த, கனமான நீர். இரண்டும் எண்ணெயும் தண்ணீரும்போல் கலக்காமல் நிற்கும். மேலே செத்த பாசி கீழே விழுந்து மட்கும். கீழே ஆக்சிஜன் தீரும். மேலிருந்து புதிதாக வர வழியில்லை. ஆழமில்லாத ஏரியில் காற்றில்லாத ஒரு சூடான பகலே இந்த அடுக்கை உண்டாக்கப் போதும்.

ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றின் மேல்தோலில் இரும்பு துருவாக, பழுப்பாக இருக்கும். அந்தத் துரு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் தீர்ந்ததும் துரு கரைகிறது. பிடித்து வைத்திருந்த பாஸ்பேட் நீருக்குள் விடுபடுகிறது. கிளிஃபர்ட் மார்டிமர் 1941, 42-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து ஏரிச் சேற்றை வைத்து இதை விளக்கினார். கழிவுநீரில் சல்பேட் அதிகமிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது சல்பைடாக மாறி இரும்பைக் கறுப்பு இரும்புச் சல்பைடாகப் பூட்டிவிடும். பிறகு ஆக்சிஜன் வந்தாலும் பாஸ்பரஸைப் பிடிக்கப் போதிய இரும்பு இருக்காது. கையில் அள்ளிய சேறு மேலே பழுப்பாகவும் அடியில் கறுப்பாகவும் இருந்தால் ஏரிக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. மேலிருந்தே மை போல் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால் அந்தத் தெம்பு போய்விட்டது.

அளவு தெரிய ஒரு கணக்கு. இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஏரி, நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்புக்குக் கீழே 2000 லிட்டர். அதில் பாஸ்பரஸ் மொத்தம் 0.2 கிராம். அதன் அடியில் மேல் பத்து சென்டிமீட்டர் சேற்றை மட்டும் எடுத்தால், நீரைக் கழித்து உலர் எடை சுமார் 12 கிலோ. கிலோவுக்கு ஒரு கிராம் பாஸ்பரஸ் என்றாலும் 12 கிராம் ஆகிறது. தண்ணீரில் இருப்பதைப்போல் அறுபது மடங்கு. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெளியே வந்தால் நீரின் அளவு 0.1-லிருந்து 0.4-க்குத் தாவும். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி. 1982-ல் வகுத்த வரிசைப்படி 0.035-லிருந்து 0.1 வரை ஊட்டம் மிகுந்த ஏரி, 0.1-க்கு மேல் மிதமிஞ்சியது. வாய்க்காலை மொத்தமாக அடைத்த பிறகும் ஏரி ஆண்டுதோறும் பச்சையாவது இந்தக் கையிருப்பால்தான்.

கழிவிலிருந்து வரும் அம்மோனியா இங்கே தனியாக ஒரு வேலை செய்கிறது. பாசி பகலில் நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எண் ஏறும், பச்சை ஏரியில் பிற்பகலில் 9-ஐத் தாண்டுவது சாதாரணம். பி.எச். 7 இருக்கும் நீரில், 25 பாகையில், மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் அரை விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பி.எச். 9-ல் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். காலையில் அபாயமில்லாத அதே அம்மோனியா மதியம் மூன்று மணிக்கு விஷம். ஆக, இத்தகைய ஏரியில் மீனுக்கு விடியற்காலை ஒரு கண்டம், பிற்பகல் இன்னொரு கண்டம்.

இரண்டு நிலைகள்

ஆழமற்ற ஏரிகளின் குணம் வேறு. ஒரே பாஸ்பரஸ் அளவில் அவை தெளிவாகவும் இருக்கலாம், கலங்கலாகவும் இருக்கலாம். தெளிந்த ஏரியில் அடியில் நீர்ச்செடிகள் அடர்ந்திருக்கும். அவை சேற்றைக் கட்டிப் பிடிக்கும். பாசியை மேயும் நீர்த்தெள்ளு எனப்படும் டாப்னியாவுக்குப் பகலில் மீனிடமிருந்து ஒளிய இடம் தரும். பாசி மிகுந்தால் அடியில் ஒளி படாது, செடி சாகும், சேறு எழும், நீர் மேலும் கலங்கும். அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் கெண்டை வகைகளை இதற்குமேல் கொண்டுவந்து விட்டால் செடி வேர்விடவே வாய்ப்பில்லை. ஒவ்வொரு நிலையும் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. அதனால் கெடும்போது எந்த அளவில் கெட்டதோ, அந்த அளவுக்குப் பாஸ்பரஸைக் குறைத்தால் ஏரி திரும்பாது. அதைவிட வெகுவாகக் கீழே இறக்க வேண்டும். ஏரியைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று கரையோரக் கோரையையும் நாணலையும் வழித்தெடுத்துக் கல் பதிப்பவர்கள், ஏரிக்குத் தெரிந்த ஒரே வைத்தியரை வெளியே அனுப்புகிறார்கள்.

குடிநீருக்கு வரும் ஆபத்து

நீலப்பச்சைப் பாசிகளில் சில, கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நச்சை உண்டாக்கும். குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்.ஆர். வகைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் தற்காலிக வரம்பு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில் இந்த நச்சு கலந்த நீர் டயாலிசிஸுக்குப் பயன்பட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். 2007-ல் சீனாவின் தாய்ஹு ஏரி பாசியால் வூஷி நகரில் இருபது லட்சம் பேர் குழாய்நீர் இல்லாமல் தவித்தார்கள். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியிலிருந்து நீர் எடுக்கும் அமெரிக்காவின் டோலிடோ நகரம் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்றது. அங்கே சொன்ன இன்னொன்று கவனிக்க வேண்டியது: கொதிக்க வைக்காதீர்கள். இந்த நச்சு கொதியில் அழியாது. நீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

இதே அறியாமையில் செய்யப்படும் இன்னொரு தவறு, பச்சை கண்டதும் மயில்துத்தம், அதாவது தாமிரச் சல்பேட் தூவுவது. பாசி சாகும், இரண்டு நாளில் தண்ணீர் தெளியும், கைதட்டல் கிடைக்கும். உடைந்த செல்களிலிருந்து உள்ளே இருந்த நச்சு மொத்தமும் நீரில் கரைந்துவிடும். செல்லோடு சேர்த்து வடிகட்டி எடுத்திருக்கக்கூடியது இப்போது வடிகட்டியில் நிற்காது. செத்த பாசி மட்க ஆக்சிஜன் தீரும், பாசியை மேயும் டாப்னியாவும் தாமிரத்தில் சாகும், தாமிரம் சேற்றில் தங்கும். சில வாரங்களில் மேய ஆளில்லாத ஏரியில் பாசி முன்னைவிட அடர்த்தியாக வரும்.

எது வேலை செய்கிறது

சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் 1963-க்கும் 1968-க்கும் இடையே கழிவுநீரை முழுவதும் திசைதிருப்பினார்கள். சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. உலகம் முழுக்க இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அதன் சராசரி ஆழம் 30 மீட்டருக்கு மேல், அடிநீரில் ஆக்சிஜன் முழுதாகத் தீரவில்லை, மூன்று ஆண்டுக்குள் நீர் ஒருமுறை மாறிவிடும் என்பதையெல்லாம் சொல்ல விட்டுவிடுவார்கள். ஸ்வீடனின் ட்ரும்மென் ஏரி நேர்மாறு. ஆழம் ஒரு மீட்டர் சொச்சம். கழிவை 1950-களின் இறுதியிலேயே நிறுத்தியும் பத்தாண்டுக்கு மேல் அது செத்தே கிடந்தது. 1970, 71-ல் உறிஞ்சும் எந்திரம் வைத்து, ஆண்டுக்கு அரை மீட்டராக மொத்தம் ஒரு மீட்டர் கறுப்புச் சேற்றை எடுத்த பிறகுதான் பாஸ்பரஸ் சடாரென விழுந்தது. எல்லா ஏரிக்கும் ஒரே மருந்து எழுதுவதில் உள்ள பிசகு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புரியும்.

தூர்வாருவதிலும் நுட்பம் இருக்கிறது. ஊட்டம் செறிந்திருப்பது பெரும்பாலும் அண்மைக் காலத்தில் படிந்த மேலடுக்கில். எந்த ஆழத்துக்கு மேல் பாஸ்பரஸ் ஏறுகிறது என்று சேற்றில் குழாயை இறக்கி மாதிரி எடுத்துப் பார்க்காமல் தோண்டினால் ஒன்று போதாமல் போகும், இல்லையேல் அடிக் களிமண்ணைக் கிழித்து நீர் கசிய வழி பண்ணும். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் பாஸ்பரஸ் வீடு திரும்பும்.

சேற்றை எடுக்க முடியாத இடத்தில் படிகாரம், அதாவது அலுமினியச் சல்பேட் போடுகிறார்கள். அது நீரில் பஞ்சுபோல் திரண்டு, பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு சேற்றின்மேல் போர்வையாகப் படியும். இரும்பைப்போல் ஆக்சிஜன் தீர்ந்ததும் இது விட்டுவிடாது. அதுதான் அதன் பலம். ஆனால் படிகாரம் அமிலம் விடும். பி.எச். 6-க்குக் கீழே இறங்கினால் கரைந்த அலுமினியம் மீனின் செவுளைத் தாக்கும். அமிலத்தைத் தாங்கும் திறன் குறைந்த நீரில் சோடியம் அலுமினேட்டைச் சேர்த்துச் சமன் செய்யாமல் போடவே கூடாது. வாய்க்காலில் கழிவு இன்னும் வந்துகொண்டிருந்தால் இரண்டொரு ஆண்டில் போர்வைமேல் புதுச் சேறு படிந்து பணம் வீண்.

காற்றூட்டும் எந்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நடு ஏரியில் நீரூற்று பீய்ச்சுவது புகைப்படத்துக்கு நல்லது. அடிநீருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அடியிலிருந்து குமிழி விடும் அமைப்பு பயன் தரும், போதிய திறன் இருந்தால். திறன் குறைவான எந்திரம் அடியில் தேங்கிய பாஸ்பரஸை மட்டும் மேலே கொண்டுவந்து பாசிக்குப் பரிமாறும். நீண்ட நாள் அடுக்காக நின்ற ஏரியில் எந்திரத்தைத் திடீரென முழு வேகத்தில் ஓட்டினால் ஆக்சிஜனற்ற அடிநீரும் ஹைட்ரஜன் சல்பைடும் ஒரே நாளில் மேலே வந்து மீன் சாகும். பெருங்காற்றுடன் மழை பெய்த மறுநாள் மீன் சாவதும் இதே காரணத்தால்தான்.

ஆகாயத்தாமரை அள்ளுவதால் பாஸ்பரஸ் வெளியேறும் என்பது உண்மைதான். எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒரு டன் பச்சைச் செடியில் உலர் எடை 60 கிலோ, அதில் பாஸ்பரஸ் 0.4 விழுக்காடு என்று கொண்டால் கால் கிலோ. ஒருவர் ஆண்டுக்கு வெளியேற்றுவது சுமார் அரை கிலோ. ஆக, ஒரு டன் அள்ளுவது ஒரே ஒருவரின் ஆறு மாதக் கணக்கைத்தான் ஈடுகட்டும்.

கெட்ட ஏரியின் விளைவு ஏரியோடு நிற்பதில்லை. ஆக்சிஜனற்ற சேற்றிலிருந்து குமிழியிட்டு வரும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 27 மடங்கு வெப்பம் ஏற்றும் வாயு. கரையோரச் சதுப்புகள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடும் இடங்கள். 1970-லிருந்து 2015-க்குள் உலகின் ஈரநிலங்களில் சுமார் 35 விழுக்காடு போய்விட்டதாக ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் உடன்படிக்கையின் அறிக்கை சொல்கிறது. அவை போன இடத்தில் நைட்ரேட் தடையில்லாமல் ஆற்றுக்கும், அங்கிருந்து கடலுக்கும் போகிறது.

ஒரு ஏரியின் உண்மை நிலை தெரிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் பூசிய 20 சென்டிமீட்டர் செக்கி தட்டைக் கயிற்றில் கட்டி, நண்பகலை ஒட்டிய நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கமாக இறக்குங்கள். அது மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் தெளிவு கிடைத்துவிடும். ஆண்டுச் சராசரி ஒன்றரை மீட்டருக்குக் குறைந்தால் ஏரி மிதமிஞ்சிய ஊட்டத்தில் இருக்கிறது. ஆக்சிஜனை அளப்பது சூரியன் உதிக்குமுன், சேற்றுக்கு ஒரு முழம் மேலே. 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலில், காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி, மாங்கனீசுச் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடு கரைசலையும் விட்டு மூடிக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் வீழ்படிவு பழுப்பாக இறங்கும். பகலில் 11 மில்லிகிராம் காட்டிய ஏரியின் அடிநீரில் விடியலில் அது பால்போல் வெள்ளையாக இறங்கினால், அங்கே ஆக்சிஜன் துளியும் இல்லை.